காட்டை விலக்கிப் பார்த்த படம்

வணக்கம் நேயர்களே. இன்று நான் பேச வந்திருப்பது ஒரு படத்தைப் பற்றி, வானொலியில் அதைக் காட்ட வழியில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல நீங்களே மனதுக்குள் வரைந்துகொண்டு வாருங்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், சியாட்டிலுக்கு வடக்கே ஸ்டில்லகுவாமிஷ் ஆற்றின் வடகிளை, அந்தப் பள்ளத்தாக்கில் ஓசோ என்று ஒரு சின்ன ஊர். மேலேயிருந்து சாதாரண கேமராவில் எடுத்தால் பெரும்பாலும் காடுதான் தெரியும். 2003-இல் அதே பள்ளத்தாக்கின் மேல் லிடார் கருவியோடு விமானம் பறந்தது. லிடார் என்பது வேறொன்றுமில்லை, கீழ்நோக்கி லேசர் ஒளியை விட்டுவிட்டு அனுப்பி, அது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுவது. இதில் அழகான விஷயம் என்னவென்றால், ஒரே ஒளித் துடிப்பில் கொஞ்சம் இலையில் பட்டுத் திரும்பும், கொஞ்சம் கிளையில், மிச்சம் சந்து பொந்து வழியாக இறங்கி மண்ணைத் தொட்டுக் கடைசியாகத் திரும்பும். மண்ணிலிருந்து வந்த புள்ளிகளை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டால் காடு மறைந்துவிடுகிறது. அப்புறம் ஒரு பக்கமிருந்து சாய்வெயில் அடிப்பது போலக் கணினியில் நிழல் போடுகிறார்கள், மாலை வெயிலில் வயல் வரப்புகள் எடுப்பாகத் தெரியுமே, அப்படி மேடு பள்ளமெல்லாம் எழுந்து நிற்கும்.

ஓசோ பள்ளத்தாக்கில் அப்படி எழுந்து நின்றவை பழைய நிலச்சரிவுகள். மலைச்சரிவில் பிறை வடிவில் வழித்தெடுத்த வெட்டு, அதன் அடியில் ஆற்றை நோக்கி நாக்கு போல விரிந்த மண், அதன் பக்கத்தில் இன்னொன்று, ஒன்றின் மேல் ஒன்றாகவும் சில.

2014 மார்ச் 22, சனிக்கிழமை காலை. முந்தைய வாரங்களில் வழக்கத்தைவிட அதிக மழை. மலை சரிந்து ஆற்றைத் தாண்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஸ்டீல்ஹெட் ஹேவன் என்ற குடியிருப்பை மூடியது. 43 பேர் இறந்தார்கள்.

பதினோரு ஆண்டுகளாகத் தரவு இருந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆனால் தரவு இருப்பது வேறு, அங்கே வீடு வாங்குகிறவர் அதைப் பார்ப்பது வேறு. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: எங்கே சரிந்தது என்று லிடார் சொல்லும், அடுத்து எப்போது சரியும் என்று சொல்லாது. வயதை ஓரளவு ஊகிக்கலாம், புதிய சரிவின் மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கும், பழையதை மழையும் காலமும் மழுக்கியிருக்கும். ஓசோவுக்குப் பக்கத்திலேயே ரௌலி என்றொரு சரிவு, ஓசோவைவிடப் பெரியது, அதில் புதைந்திருந்த மரத்துண்டுகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பிப் பார்த்ததில் சுமார் 500 ஆண்டுதான் ஆகிறது என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். ஓசோ சரிந்த சில நாட்களிலேயே மறுபடி பறந்து அளந்தார்கள், முந்தைய உயரத்திலிருந்து பிந்தையதைக் கழித்தால் எங்கே எத்தனை மீட்டர் மண் போனது, எங்கே போய்க் குவிந்தது என்று தெரிந்துவிடும். சுற்றுச்சூழல் கண்காணிப்பில் லிடாரின் பெரிய பலமே இந்தக் கழித்தல் கணக்குதான் என்பேன், ஆற்றங்கரை அரிப்பு, பனியாறு உருகுவது எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

2015-இல் மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது: லிடார் தரவு திரட்ட வேண்டும், நிலச்சரிவுகளை வரைபடமாக்க வேண்டும், அவற்றை மக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். திறந்து வைப்பது ஏன் முக்கியம் என்றால், ஒரு வேலைக்கு எடுத்த தரவு எந்த வேலைக்கு உதவும் என்று எடுத்தவருக்கே தெரியாது. அதே மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் 1990-களில் நிலத்தடி நீருக்காக எடுத்த லிடாரில்தான், காட்டுக்குள் மறைந்திருந்த நிலநடுக்கப் பிளவின் படிக்கட்டு போன்ற கோடு தெரிந்தது.

சரி, நீங்களும் பார்க்கலாம். வாஷிங்டன் மாநில இயற்கை வளத் துறையின் லிடார் தளத்தில் கட்டணம் கிடையாது, உலாவியிலேயே நிழல் படம் தெரியும், பதிவிறக்கினால் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். ஓசோ சரிவு நடந்த இடத்துக்குப் போய், ஆற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேற்கே நகருங்கள், இரண்டு பக்கச் சரிவுகளிலும் அந்தப் பிறைகளை எண்ணிக்கொண்டே.