பேனா வைக்க இடமில்லாத சட்டை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"முதுமையில் உடை: உடலின் வசதிக்கா, உள்ளத்தின் வெளிப்பாட்டுக்கா?" இதுதான் இன்றைய தலைப்பு. வெளிப்பாட்டுக்கே என்ற அணியில் நின்று பேசுகிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளை இங்கே வைத்துவிட்டுப் போனார். வயதானவர்களுக்கு வசதியாக இருந்தால் போதாதா? வயசுக்கேத்த மாதிரி மங்கலான நிறத்தில் உடுத்தினால்தானே மரியாதை? பக்குவப்பட்ட மனசுக்கு எளிமைதானே அழகு? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். வசதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தத் தப்பை என் வீட்டிலேயே நான் செய்திருக்கிறேன்.

எங்கள் அப்பாவுக்கு 76 வயதில் பக்கவாதம் வந்தது. பிழைத்து எழுந்துவிட்டார். வலது கை மட்டும் பழையபடி வரவில்லை. சட்டைப் பொத்தானைத் துளைக்குள் தள்ள அந்த விரல்களால் முடியவில்லை. தினமும் காலையில் இரண்டு பொத்தானோடு கால் மணி நேரம் போராடுவார். பார்க்கப் பொறுக்காமல், தலை வழியாக மாட்டுகிற டி-ஷர்ட் ஆறு வாங்கி வந்தேன். ஆறும் சாம்பல் நிறம். அழுக்குத் தெரியாது, அயர்ன் வேண்டாம், சட்டென்று மாட்டிவிடலாம். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். எது வேண்டும் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். இடது கை மெல்ல மேலே வருகிறது, நெஞ்சின் இடது பக்கத்தைத் தடவுகிறது, கீழே போகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். நெஞ்சு வலியோ என்று பதறி ஓடினேன். "ஒண்ணுமில்லம்மா. பேனா வைக்க இடமில்ல," என்றார்.

34 வருடம் கணக்கு எழுதிய மனிதர், நடுவர் அவர்களே. முழுக்கைச் சட்டை, அதன் பையில் மூடி போட்ட ஒரு பேனா. பிள்ளைகள் நாங்கள் பிறந்ததிலிருந்து அப்பாவை அப்படித்தான் பார்த்திருக்கிறோம். அந்த டி-ஷர்ட்டில் பையே கிடையாது. அப்போதுதான் எனக்கு வேறு ஒன்றும் புரிந்தது. மாலை நடை வேண்டாம், கால் வலிக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் யாராவது குரல் கொடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். நோயினால் வந்த சோர்வு என்று நாங்கள் இருந்துவிட்டோம். காலில் வலியே இல்லை. அந்தச் சட்டையோடு நாலு பேர் முன்னால் நிற்க அவருக்கு மனசில்லை.

அவருடைய பழைய சட்டைகளை எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போனேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பொத்தான் துளைகளை நூலால் மூடினார். பொத்தானைத் துளையின் மேலேயே வைத்துத் தைத்தார். அடியில், யார் கண்ணுக்கும் படாமல், துண்டு துண்டாக வெல்க்ரோ, அழுத்தினால் ஒட்டிக்கொண்டு இழுத்தால் பிரிகிற பட்டை. 1941இல் சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற பொறியாளர் நாயோடு நடந்துவிட்டுத் திரும்பினார். அதன் ரோமத்தில் ஒட்டியிருந்த முட்காய்களை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த பொருள் அது. அதை எங்கள் அப்பா இடது உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்துகிறார், சட்டை மூடிக்கொள்கிறது. பார்ப்பவர்களுக்கு அது பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. பையில் பேனா. அன்று மாலையே நடக்கக் கிளம்பிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வசதி என்று நான் வாங்கினேனே, அது வசதியே இல்லை என்று பிசியோதெரபிஸ்ட் பிறகு சொன்னார். தலை வழியாக மாட்ட வேண்டுமென்றால் தோளைத் தூக்க வேண்டும். பலம் குறைந்த கைக்கு முன்பக்கம் திறக்கிற சட்டைதான் சுலபம், முதலில் பலமில்லாத கையை நுழைத்துவிட்டால் போதும். எதிரணி நண்பர்களே, வசதி வசதி என்கிறீர்கள். யாருடைய வசதி? போட்டுக்கொள்பவருடையதா, போட்டுவிடுபவருடையதா?

உடல் மாறுகிறது, மறுக்கவில்லை. வயது ஏற ஏற உயரம் குறைகிறது. மேல்முதுகு வளைகிறது, அதனால் சட்டையின் பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது, முன்பக்கம் தொங்குகிறது. தோல் மெலிகிறது, கழுத்துப் பட்டியில் உள்ள சின்ன லேபிள்கூட உறுத்துகிறது. இவ்வளவுக்கும் தையலில் வழி இருக்கிறது. பின்பக்கம் ஒரு அங்குலம் கூட்டி வெட்டலாம், முன்பக்கம் குறைக்கலாம், லேபிளைப் பிரித்துவிடலாம். ஆனால் ஆயத்த உடைகள் பெரும்பாலும் நிமிர்ந்த முதுகை மனதில் வைத்துத்தான் வெட்டப்படுகின்றன. 75 வயது அம்மா ஒருவர் கண்ணாடி முன் நின்று, "எனக்கு இனி எதுவும் நல்லா இல்லை" என்கிறார். அந்தத் துணி அவருக்காக வெட்டப்படவில்லை என்று யாராவது அவரிடம் சொன்னோமா?

அடுத்தது, மங்கலான நிறம்தான் மரியாதை என்றார் எதிரணித் தலைவர். நான் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். வயதாக ஆக நம் கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கிறது. உள்ளே போகிற ஒளி குறைகிறது, அதிலும் நீல ஒளி அதிகமாகத் தடுக்கப்படுகிறது. வெளிர் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து வெளுத்துத் தெரியும். கருநீலம் எது, கறுப்பு எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். நாம் சாந்தமான நிறம் என்று வாங்கிக்கொடுக்கிற வெளிர் நீலம் அவர்கள் கண்ணுக்குத் துவைக்காத துணி மாதிரி இருக்கலாம். அவர்கள் அடர்ந்த நிறம் கேட்டால் "இந்த வயசில் இதென்ன ஆசை" என்கிறோம். ஆசையாகவே இருக்கட்டும், அதில் என்ன குறை? அதோடு, அவர்களுக்கு நன்றாகத் தெரிகிற நிறமும் அதுதான்.

மரியாதைக்கு ஒரு சாட்சி தருகிறேன். பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத். 2022இல், 96 வயதில் காலமானார். 2016இல் அவருடைய 90ஆவது பிறந்த ஆண்டு அணிவகுப்புக்குப் பளிச்சென்ற பச்சையில் வந்து நின்றார். கூட்டத்தின் கடைசியில் நிற்கிறவர் கண்ணுக்கும் தான் தெரிய வேண்டும் என்றே அவர் அடர் நிறங்களை உடுத்தி வந்தார். மழை வந்தால் முகம் மறையக்கூடாது என்று கண்ணாடி போன்ற குடை, அதன் விளிம்பில்கூட உடைக்குப் பொருந்திய நிறம். அவருக்கு யாராவது மரியாதையைக் குறைத்தார்களா? 90 வயதில் ஓர் அரசி "நான் இங்கே இருக்கிறேன், பாருங்கள்" என்று நிறத்தால் சொல்லலாம். நம் வீட்டுப் பெரியவர் சொல்லக்கூடாதா?

இப்போது எளிமை. இதில் எதிரணித் தலைவர் தன்னையறியாமல் என் பக்கம் பேசிவிட்டார். பில் கன்னிங்ஹாம் என்று நியூயார்க்கில் ஒரு புகைப்படக்காரர் இருந்தார். தெருவில் போகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று படம் பிடிப்பதே அவர் வேலை. சைக்கிளில் சுற்றுவார். அவர் உடுத்தியது பிரான்ஸில் உழைப்பாளிகள் போடுகிற நீல மேலங்கி. 2016இல், 87 வயதில் அவர் மறையும்வரை அந்த நீலம்தான் அவருடைய அடையாளம். எளிமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அவரே தேர்ந்தெடுத்த எளிமை. நான் அப்பாவுக்கு வாங்கிப் போட்ட ஆறு சாம்பல் டி-ஷர்ட்டும் எளிமைதானே? இரண்டும் ஒன்றாகுமா, நடுவர் அவர்களே?

எதிர்முனையில் ஐரிஸ் ஆப்ஃபெல் என்ற உள் அலங்கார வடிவமைப்பாளர் அம்மா. அதே நியூயார்க். பெரிய வட்டக் கண்ணாடி, முழங்கைவரை வளையல்கள். பழைய பொருள் சந்தையில் பொறுக்கிய மாலையையும் விலையுயர்ந்த மேலங்கியையும் ஒன்றாக அணிவார். 2005இல், அவருக்கு 84 வயது, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய உடைகளையும் அணிகளையும் கண்காட்சியாக வைத்தது. 97 வயதில் ஒரு மாடலிங் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். 2024இல், 102 வயதில் மறைந்தார். ஒருவருக்கு ஒரே நீலம், இன்னொருவருக்கு உலகத்தின் எல்லா நிறமும். இரண்டும் வெளிப்பாடுதான், ஏனென்றால் இருவரிடமும் போய் "இதைப் போட்டுக்கோங்க, இது போதும்" என்று யாரும் சொல்லவில்லை. "ஆள் பாதி, ஆடை பாதி" என்று இருபது வயதுப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிறோம். எழுபது வயது வந்ததும் அந்தப் பாதியை நாமே பிடுங்கிக்கொள்கிறோம்.

"நினைவே தப்பிப்போனவர்களுக்கு உடை எப்படி இருந்தால் என்ன" என்றும் எதிரணியில் ஒரு குரல் எழுந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. கனடாவில் பியா கோன்டோஸ் என்ற ஆய்வாளர், அல்சைமர் நோயாளிகள் வாழும் ஓர் இல்லத்தில் இருந்து கவனித்ததை 2004இல் எழுதினார். நோய் வெகுவாக முற்றிய ஒரு மூதாட்டி. சாப்பாட்டு நேரத்தில் மேலே சிந்தாமல் இருக்கக் கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவிடுகிறார்கள். அந்த அம்மா கஷ்டப்பட்டுத் துணிக்கு அடியில் கையை விடுகிறார். தன் முத்துமாலையைத் தேடிப் பிடித்து வெளியே இழுத்துத் துணிக்கு மேலே எல்லோரும் பார்க்கும்படி போட்டுக்கொள்கிறார். நோய் எவ்வளவோ கொண்டுபோயிருந்தது. முத்துமாலை மறையக்கூடாது என்று கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையைப் பார்த்து, வசதி போதும் அம்மா என்று சொல்ல எதிரணியில் யாருக்கு மனம் வரும்?

மணியடிக்கக் கை போகிறது, நடுவர் அவர்களே. இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள்.

அப்பாவுக்கு இப்போது 81. முன்போல நடக்க முடியவில்லை, பெரும்பாலும் வீட்டுக்குள்தான். இன்று காலை நான் இங்கே கிளம்புவதற்கு முன்னால், இரண்டு சட்டையை எடுத்து அவர் முன்னால் பிடித்தேன். தினமும் அப்படித்தான் செய்கிறேன் இப்போது. ஒன்று கருநீலம், ஒன்று கருஞ்சிவப்பு. கருநீலத்தைக் காட்டி, "கறுப்பு வேண்டாம்மா" என்றார். கருஞ்சிவப்பைத் தொட்டுக் காட்டினார். கையை நுழைத்துவிட்டேன். முன்பக்கத்தை அவரே அழுத்தி மூடிக்கொண்டார். பேனாவை வாங்கிப் பையில் செருகினார், மூடி சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

"இன்னிக்கு யாரும் வரலையேப்பா," என்றேன்.

"நான் இருக்கேன்ல," என்றார்.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.