'டர்க்ஸ் ஃப்ரூட்' (1973): முதல் பத்து நிமிஷத்துலேயே மூடிடாதீங்க

வணக்கம் மக்களே. இன்னிக்கு ஒரே ஒரு படம்தான். நெதர்லாந்துல 1973 பிப்ரவரியில வந்த 'டர்க்ஸ் ஃப்ரூட்'. 'டர்கிஷ் டிலைட்'னு தேடினாலும் கிடைக்கும். பெரியவங்களுக்கான படம், பக்கத்துல குழந்தைங்க இருந்தா இந்த வீடியோவையும் அப்புறமா பாருங்க. கதையோட முடிவையும் நான் சொல்லிடப் போறேன். கதாநாயகி சாகப்போறாங்கறது தெரிஞ்சு பார்த்தாலும் இந்தப் படம் எதையும் இழக்காது. முன்னாடி இருக்கற காட்சிங்க எல்லாம் எதுக்குன்னு அப்பத்தான் இன்னும் நல்லா புரியும்.

பால் வெர்ஹோவன் இயக்கினது. பின்னாடி ஹாலிவுட் போய் 'ரோபோகாப்' எடுத்தாரே, அவர்தான். லெய்டன் பல்கலைக்கழகத்துல கணிதமும் இயற்பியலும் படிச்ச மனுஷன். திரைக்கதை கெரார்ட் ஸூட்டமன், கேமரா யான் டி பான்ட், இசை ரோகியர் வான் ஓட்டர்லோ. எரிக்ங்கற கதைநாயகனா நடிச்சது ரட்கர் ஹாவர், கதாநாயகி ஓல்காவா நடிச்சது மோனிக் வான் டி வென். அவங்களுக்கு இதுதான் முதல் படம், வயசு இருபதை ஒட்டி. மூலக்கதை யான் வோல்கர்ஸ் எழுதின 1969 நாவல். வோல்கர்ஸ் எழுத்தாளர் மட்டும் இல்ல, சிற்பியும்கூட. ஆம்ஸ்டர்டாம்ல வெர்ட்ஹைம் பூங்காவுல நாஜிக்களோட ஆஷ்விட்ஸ் வதைமுகாம்ல செத்தவங்களுக்கு உடைஞ்ச கண்ணாடிகளால ஆன நினைவுச்சின்னம் இருக்கு, அது அவர் செஞ்சது. கதைநாயகனும் சிற்பிதான். களிமண்ணும் பிளாஸ்டரும் படிஞ்ச கை, எதையும் தொட்டுப் பார்க்கற கை. இந்தக் கையை மனசுல வச்சுக்கோங்க, படம் முழுக்க அது வேலை செய்யும்.

சரி, முதல் பத்து நிமிஷம். நிறைய பேர் படத்தை மூடறது இங்கதான். எடுத்த எடுப்புல கொலை. எரிக் ஒருத்தனைச் சுடறான், ஒரு பொண்ணோட கழுத்தை நெரிக்கறான். அடுத்த காட்சியில அழுக்கான ஸ்டூடியோவுல படுக்கையில கிடக்கறான். நடந்தது அவன் கற்பனைன்னு அப்பத்தான் தெரியுது. எழுந்து தெருவுக்குப் போறான், பொண்ணுங்களைக் கூட்டிட்டு வர்றான், வேலை முடிஞ்சதும் விரட்டிவிடறான். ஒவ்வொருத்தியோட முடியையும் கொஞ்சம் எடுத்து நோட்டுல ஒட்டி வைக்கறான். பார்க்கறவங்களுக்கு அருவருப்பு, கோபம் எல்லாம் வரும். வரணும்னுதான் எடுத்திருக்காங்க. இதுக்கு அப்புறம்தான் ரெண்டு வருஷம் பின்னாடி போகுது கதை.

அதாவது காதல் செத்ததுக்கு அப்புறம் படம் ஆரம்பிக்குது. சந்திப்பு, காதல், கல்யாணம், பிரிவுன்னு வரிசையா சொல்லியிருந்தா எரிக்கை ஒரு ஜாலியான கலைஞனா ரசிச்சிருப்போம், பிரிவுல அவனுக்காகப் பரிதாபப்பட்டிருப்போம். வெர்ஹோவன் அந்த சலுகையை முதல்லயே பிடுங்கிடறார். இவன் எவ்வளவு கேவலமா ஆகக்கூடியவன்னு காட்டிட்டுத்தான், இவன் எப்படி நேசிச்சான்னு காட்டறார். சுவத்துல ஓல்காவோட போட்டோ இருக்கும், கவனிங்க. அந்தப் பொண்ணுங்க ஒவ்வொருத்தரும் அந்த போட்டோவோட இடத்தை நிரப்ப முடியாம போறவங்க. ஃப்ளாஷ்பேக் நிகழ்காலத்தைத் தொட்டு, அதையும் தாண்டிப் போகும்போது, ஆரம்பத்துல பார்த்த ஆளும் இவனும் ஒருத்தன்தானான்னு நமக்கே சந்தேகம் வரும்.

முதல் சந்திப்பு ரோட்டுல. எரிக் லிஃப்ட் கேட்கறான், ஓல்கா கார் நிறுத்தறா. கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் அந்தக் கார்லயே ஒண்ணு சேர்றாங்க. உடனே அவனோட பேன்ட் ஜிப் தோல்ல மாட்டிக்குது. பக்கத்துல இருக்கற பண்ணை வீட்டுக்குப் போய் இடுக்கி கடன் கேட்கற நிலைமை. சிரிப்பு அடங்கறதுக்குள்ள கார் விபத்து, ரத்தம். காமம், வலி, சிரிப்பு, விபத்து, எல்லாம் சில நிமிஷத்துக்குள்ள. படம் முழுக்க இந்தத் தாளம்தான். ஒரு உணர்ச்சியில உங்களை உட்கார விடாது. சந்தோஷமான காட்சி வந்தா கொஞ்சம் தள்ளி உடம்பு ஏதாவது தொல்லை கொடுக்கும்.

கேமராவைப் பத்தி சொல்லியே ஆகணும். காதல் படம்னா வழக்கமா நீளமான லென்ஸ் போடுவாங்க. பின்னாடி எல்லாம் மங்கிடும், முகம் மட்டும் மெத்துன்னு தெரியும். டி பான்ட் கேமராவைக் கையில தூக்கிக்கிட்டு நடிகர்கள் பக்கத்துலயே போறார். அறையோட அழுக்கும் தெரியுது, தெருவுல போறவங்களும் தெரியறாங்க. ஓல்கா குதிச்சா கேமராவும் ஆடுது. எரிக் சைக்கிள் மிதிக்க, ஓல்கா பின்னாடி உட்கார்ந்து ஆம்ஸ்டர்டாம் தெருக்கள்ல போற அந்தக் காட்சி நெதர்லாந்துல எல்லாருக்கும் மனப்பாடம். நிஜமான ஊர், நிஜமான வெளிச்சம். அந்த ரெண்டு பேரும் ஊரையே தங்களோட படுக்கையறை மாதிரி நினைச்சுக்கிட்டுப் போறாங்க. இதுமேல டூட்ஸ் தீலமன்ஸோட மவுத் ஆர்கன். அவர் பெல்ஜியத்து ஜாஸ் கலைஞர். அந்த வாத்தியத்துல வாசிக்கறவரோட மூச்சு கேட்கும். உடம்பைப் பத்தின படத்துக்கு மூச்சால வாசிக்கற வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தது அற்புதமான முடிவுன்னு நான் அடிச்சு சொல்வேன்.

இப்ப முக்கியமான விஷயம். இந்தப் படத்தைப் பத்தி யார் பேசினாலும் 'நிர்வாணம் ஜாஸ்தி'ன்னுதான் முதல்ல சொல்வாங்க. நிர்வாணம் இருக்கு, மறுக்கல. ஆனா அதைவிட அதிகமா இருக்கறது சாப்பாடு, வாந்தி, ரத்தம், மலம், புழு. இதெல்லாம் அதிர்ச்சிக்காகத் தூவினது இல்ல. வரிசையா வச்சுப் பாருங்க. ஓல்காவோட அம்மாவுக்கு மார்புல புற்றுநோய் வந்திருக்கு, அந்த பயம் மகளுக்குள்ள உட்கார்ந்திருக்கு. ஒருநாள் மலம் சிவப்பா போகுது, தனக்கும் நோய் வந்துடுச்சுன்னு அலறறா. எரிக் முகம் சுளிக்காம குனிஞ்சு பார்த்துட்டு, நீ சாப்பிட்ட பீட்ரூட்டும்மான்னு தேத்தறான். பார்க்கறப்போ சிரிப்போம். இன்னொரு இடத்துல அவ உடம்புமேல வச்ச பூங்கொத்துலேருந்து புழு நெளியுது. அழகான உடம்பும் அழுகற உடம்பும் ஒரே ஷாட்ல.

இந்த பீட்ரூட் காட்சியை வெட்டிட்டா கடைசி அரை மணி நேரம் வேலையே செய்யாது. அங்க சிரிச்சுக்கிட்டே செஞ்ச அதே காரியத்தைத்தான் ஆஸ்பத்திரியில அழுதுக்கிட்டு செய்யறான். அவ உடம்புலேருந்து வர்ற எதுவும் அவனுக்கு அருவருப்பு இல்ல. வெர்ஹோவன் காட்டற காதலுக்கு இலக்கணமே இதுதான்னு நான் நினைக்கறேன்: முகத்தைத் திருப்பிக்காம இருக்கறது. இந்தப் பார்வை அவருக்கு எங்கேருந்து வந்திருக்கும்னு யோசிச்சா, அவர் 1938ல பிறந்தவர், போர்க்காலத்துல ஹேக் நகரத்துல வளர்ந்தவர். அங்கேருந்துதான் ஜெர்மானியர்கள் வி-2 ராக்கெட்டுகளை ஏவினாங்க, நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுச்சு. சிதைஞ்ச உடம்பு சின்ன வயசுலேயே கண்ணுல பட்ட தலைமுறை அது.

பிரிவு நடக்கறது ஒரு சீன ஹோட்டல்ல. ஓல்கா வீட்டுக்காரங்க எல்லாம் ஒரே மேஜையில. வியாபாரக் குடும்பம், வசதி இருக்கு. மருமகன் ஒரு ஒண்ணுமில்லாத சிற்பிங்கறது அம்மாவுக்கு ஆரம்பத்துலேருந்தே உறுத்தல். அப்பா நல்ல மனுஷன், எரிக்கை ஏத்துக்கிட்டவர். ஆனா அவர் செத்துட்டார். அவர் இருந்தவரைக்கும் அந்த வீட்டுக்கும் எரிக்குக்கும் நடுவுல ஒரு பாலம் இருந்தது, இப்ப இல்ல. மேஜையில ஓல்கா வேறொருத்தனோட சிரிச்சு வழியறா. எரிக் பார்க்கறான், பார்க்கறான், கடைசியில மேஜையிலேயே வாந்தி எடுக்கறான். பிரிவுக் காட்சிக்கு வசனம் எழுதறதுதான் எல்லாரும் செய்யறது. இங்க வார்த்தையே தேவைப்படல, வயிறு பதில் சொல்லிடுச்சு.

அப்புறம் அவ திரும்ப வரும்போது ஆளே வேற மாதிரி. உடுப்பு, பேச்சு, நடை எல்லாம் ஒரு சுருதி தப்பி இருக்கு. விழுந்துடறா. மூளையில கட்டி. இதுல பார்வையாளர்கள் வழக்கமா ஒரு கேள்வி கேட்பாங்க: அப்ப அவ எரிக்கை விட்டுப் போனதும் அந்தக் கட்டியாலதானா? மூளையோட முன்பகுதியில கட்டி வந்தா குணமே மாறலாம்கறது மருத்துவ உண்மை. படம் அந்தக் கதவைத் திறந்து வைக்குது, ஆனா உள்ள போகச் சொல்லல. அம்மாவோட இழுப்பு, பணமில்லாத வாழ்க்கை, எரிக்கோட பொறாமை, இதெல்லாம் நோய்க்கு முன்னாடியே நாம பார்த்தது. எல்லாப் பழியையும் கட்டிமேல போட்டா எரிக் சுத்தமா தப்பிச்சுக்குவான். அப்படிப் படிக்காதீங்க.

ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்காகத் தலையை மழிச்சுடறாங்க, விக் வச்சுக்கறா. பல்லு விழுந்துடும்னு பயப்படறா, கடிக்கற மாதிரி எதையும் சாப்பிட மாட்டேங்கறா. எரிக் டர்கிஷ் டிலைட் வாங்கிட்டு வந்து ஊட்டறான். ஏன் அந்த மிட்டாய்? சர்க்கரைப் பாகுல ஸ்டார்ச் கலந்து, அடி பிடிக்காம நேரம் எடுத்துக் கிளறி, ஆற வச்சு, துண்டு போட்டு, மேல மாவு தூவறது. சரியா வெந்திருந்தா மெத்துன்னு இருக்கும், கடிக்க சிரமமே இருக்காது. கடிக்க பயப்படறவங்க வாய்க்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு கிடைக்காது. இங்க ஹாவரோட நடிப்பைப் பாருங்க. விரலால கொஞ்சம் கொஞ்சமா ஊட்டறான், முகத்துல ஒரு பொய்யான உற்சாகம். வான் டி வென் குழந்தை மாதிரி வாயைத் திறக்கறாங்க. எட்டிப் பார்க்கற அழுகையை ரெண்டு பேருமே விடல. அவ செத்ததும் அந்த விக்கை அவன் குப்பையில போட்டுடறான். ஆரம்பத்துல யாரோ பொண்ணுங்களோட முடியை நோட்டுல ஒட்டிச் சேர்த்தவன், உயிரா நேசிச்சவளோட விக்கை வச்சுக்கல. அது அவ முடி இல்ல, அவ்வளவுதான்.

குறைகளும் இருக்கு, சொல்லணும். நாவல் சிற்பியோட வாயால சொல்லப்படுது, படமும் அவன் கண்ணை விட்டு நகரல. ஓல்கா தனியா இருக்கும்போது என்ன யோசிச்சா? படத்துக்குத் தெரியாது. வான் டி வென் நடிப்பாலதான் அவ ஒரு முழு மனுஷியா நிக்கறா. எழுத்து அவங்களுக்குக் கொடுத்தது குறைவு. அம்மா பாத்திரம் இன்னும் மோசம். டோனி ஹூர்டமன் பிரமாதமான நடிகை, ஆனா புற்றுநோயைக் கடந்து வந்த ஒரு பொண்ணை வில்லியா மட்டும் காட்டியிருக்கு. ஆரம்பத்துல வர்ற பொண்ணுங்களைப் பத்தி இன்னைக்கு யாராவது கோபப்பட்டா, அந்தக் கோபம் நியாயம்தான்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஒரு நாடே தியேட்டருக்குப் போச்சு? 33 லட்சத்துக்கும் மேல டிக்கெட் வித்திருக்கு, அப்ப நெதர்லாந்தோட மக்கள் தொகையே சுமார் 1 கோடி 34 லட்சம். அதிகம் பேர் பார்த்த டச்சுப் படம்ங்கற இடம் இதுக்குத்தான். அந்தக் காலத்தைத் தெரிஞ்சுக்கணும். கத்தோலிக்கருக்கு ஒரு பள்ளிக்கூடம், புராட்டஸ்டன்ட்டுக்கு ஒண்ணு. சோஷலிஸ்டுகளையும் சேர்த்து எல்லாருக்கும் பேப்பர், ரேடியோ, விளையாட்டு கிளப்கூட தனித்தனி. இப்படிப் பிரிஞ்சு கிடந்த சமூகம் 1960கள்ல உடைய ஆரம்பிச்சது. 1962ல கருத்தடை மாத்திரை வந்தது, 1965ல ஆம்ஸ்டர்டாம்ல ப்ரோவோங்கற கலகக்கார இயக்கத்து இளைஞர்கள் தெருவுக்கு வந்தாங்க. அந்த மாற்றத்தை வாழ்ந்தவங்க தங்களைத் திரையில பார்த்தாங்க. இன்னொண்ணு, 1969ல வெர்ஹோவன் எடுத்த 'ஃப்ளோரிஸ்' டிவி தொடர்ல ஹாவர் ஒரு வீரன். வீட்டுல குழந்தைங்களோட உட்கார்ந்து பார்த்த முகம், நாலு வருஷம் கழிச்சு உடுப்பில்லாம வந்து நிக்குது. படம் ஆஸ்கர் வெளிநாட்டுப் பட பரிந்துரைக்குப் போச்சு, பரிசு பிரெஞ்சு இயக்குநர் ட்ருஃபோவோட படத்துக்குப் போச்சு. 1999ல நெதர்லாந்து திரைப்பட விழாவுல நூற்றாண்டின் சிறந்த டச்சுப் படம்னு இதைத் தேர்ந்தெடுத்தாங்க.

பார்க்கறவங்களுக்கு சில விஷயம். டச்சு ஒலியோட, சப்டைட்டில் போட்டுப் பாருங்க. டப்பிங்ல ஹாவரோட குரல் போனா எரிக்கோட பாதி போயிடும். அவன் கத்தற விதத்துலயும் கொஞ்சற விதத்துலயும்தான் அந்தப் பாத்திரமே இருக்கு. நீளம் பொதுவா 108 நிமிஷம்னு போட்டிருக்கும். உங்க கையில இருக்கற பிரதி நாலஞ்சு நிமிஷம் குறைவா இருந்தா வெட்டிட்டாங்கன்னு முடிவு கட்டாதீங்க. வினாடிக்கு 24 ஃப்ரேம்ல எடுத்ததை ஐரோப்பிய டிவிடியில 25 ஃப்ரேமா ஓட்டுவாங்க, அதுலேயே 4 சதவீதம் குறையும். ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிட்டா அது வெட்டின பிரதிதான். விட்டுட்டு வேற தேடுங்க. முதல் பத்து நிமிஷமும் பீட்ரூட் மாதிரி காட்சிகளும் இருக்கான்னு பாருங்க, அது ரெண்டும் இல்லாம இது சாதாரண நோய்க்கதையா சுருங்கிடும்.

சாப்பிட்டுக்கிட்டே பார்க்காதீங்க, நிஜமாவே சொல்றேன். வீட்டுல யாராவது மூளைக்கட்டியோ புற்றுநோயோ வந்து சிகிச்சையில இருந்தா, இல்ல சமீபத்துல யாரையாவது இழந்திருந்தா, இந்தப் படத்தை இப்ப எடுக்காதீங்க. ஆஸ்பத்திரிப் பகுதி எந்த மெத்தையும் விரிக்காம நேரா காட்டுது. 50 வருஷம் காத்திருந்த படம், இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கும்.