ஆதாரம் கேட்ட நீதிபதி, காணாமல் போன உயில்

[திரையில்: நியூஹெய்ல்ஸ் மாளிகையின் முகப்பு]

எடின்பரோவுக்குக் கிழக்கே, மஸல்பரோ ஊரை ஒட்டி இருக்கிறது இந்த மாளிகை. 18ஆம் நூற்றாண்டில் இதற்கும் சுற்றியிருந்த நிலத்துக்கும் சொந்தக்காரர் சர் டேவிட் டால்ரிம்பிள். 1726இல் பிறந்தவர். ஈட்டனில் பள்ளிப்படிப்பு, நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் சட்டம். 1748இல் வழக்கறிஞரானார். 1766இல் ஸ்காட்லாந்தின் உச்ச சிவில் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனதும் 'ஹெய்ல்ஸ் பிரபு' என்ற பட்டம் வந்தது. அங்கே இது பதவியோடு வருகிற பட்டம், பிள்ளைகளுக்குப் போகாது.

[திரையில்: பழைய வழக்குக் கட்டுகள்]

மனிதர் பொடி எழுத்தைக்கூட விடமாட்டார். 'ஜஸ்டிஸ்' (justice) என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசியில் 'e' எழுத்து விட்டுப்போன ஒரு மனுவை அவர் தள்ளிவிட்டதாகச் சொல்லி, நீதிமன்ற வட்டாரத்தில் கேலிப்பாட்டே கட்டிவிட்டார்கள்.

சரி, இந்தக் குணம் தீர்ப்பு எழுத எவ்வளவு உதவியதோ தெரியாது. வரலாறு எழுத நன்றாகவே உதவியது. அவருடைய 'ஸ்காட்லாந்து ஆண்டு வரலாறு' 1776இலும் 1779இலும் இரண்டு பாகங்களாக வந்தது. அன்று ஸ்காட்லாந்து வரலாறு என்றாலே ஆதி அரசர்களின் நீளமான பட்டியலில்தான் தொடங்கும், பாதிக்கு மேல் கட்டுக்கதை. ஹெய்ல்ஸ் அதைத் தொடவே இல்லை. 11ஆம் நூற்றாண்டு அரசர் மூன்றாம் மால்கமில் ஆரம்பித்தார். ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்'தில் வருகிற அதே மால்கம். 1371இல் ஸ்டூவர்ட் வம்சம் அரியணை ஏறியதோடு நிறுத்திக்கொண்டார். ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகள், பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. சாட்சி முரண்பட்டால் குறுக்கு விசாரணை. படிக்க வறட்சிதான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் லண்டனில் அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன் அச்சுக்கு முன்பே படித்துத் திருத்தங்கள் சொன்னார், பாராட்டவும் செய்தார்.

எல்லாவற்றிலும் அவர் பக்கம் நிற்க முடியாது. 1754இல் எடின்பரோ வழக்கறிஞர் நூலகத்துக்காக, அங்கே நூலகராக இருந்த தத்துவஞானி டேவிட் ஹியூம் வாங்கிய மூன்று பிரெஞ்சுப் புத்தகங்களை, ஆபாசம் என்று நீக்கச் சொன்ன பொறுப்பாளர்களில் இவரும் ஒருவர்.

[திரையில்: ஜன்னலின் உட்புற மரக்கதவு]

1792இல் அவர் இறந்தபோதுதான் வேடிக்கை. வாழ்நாள் முழுக்கப் பத்திரங்களோடு புழங்கியவரின் உயிலைக் காணவில்லை! உயில் இல்லையென்றால் சொத்து ஆண் வாரிசுக்கு. மகள் கிறிஸ்டியன் வெளியேற வேண்டியதுதான். அப்புறம் நடந்ததாகச் சொல்லப்படுவது இது: எடின்பரோவில் இருந்த வீட்டைப் பூட்டுவதற்காக ஜன்னல் கதவுகளைச் சாத்தியபோது, ஒரு கதவின் பின்னாலிருந்து உயில் விழுந்தது. நியூஹெய்ல்ஸ் மகளுக்கே என்று எழுதியிருந்தது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த எஸ்டேட்டை அவர்தான் நிர்வகித்தார்.