கேசட்டின் மிச்ச இடத்தில் வந்த பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். பிடித்த பாட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, எந்தப் பாட்டு என்று கேட்டார்கள். சொன்னேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. அப்புறம், "அது எந்தப் படம் சார்?" என்றார் அந்தத் தம்பி. இதே கேள்வியை நானே பல பேரிடம் பல வருஷம் கேட்டுத் திரிந்திருக்கிறேன், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1980களின் கடைசியில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. காலிக் கேசட்டும் வேண்டிய பாட்டுகளின் பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தால் நாலு நாளில் பதிந்து வைத்திருப்பார் அந்த அண்ணன். அறுபது நிமிஷக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஆறு பாட்டு, மிஞ்சிப் போனால் ஏழு. நாம் கேட்டது முடிந்தும் டேப் மிச்சம் இருந்தால் அதைச் சும்மா விடமாட்டார், தனக்குப் பிடித்த எதையாவது போட்டு நிரப்பிவிடுவார். அதற்குத் தனிக் காசு கிடையாது. நான் அன்றைக்கு எழுதிக் கொடுத்த பட்டியலில் 'இது ஒரு பொன்மாலைப் பொழுது', 'பூங்கதவே தாழ் திறவாய்' எல்லாம் இருந்தன. கேசட் வந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில், நான் கேட்காத ஒரு பாட்டு. எஸ்.ஜானகி தனியாகப் பாடுகிறார். சரணத்தின் நடுவில், ஒரு வரி பாதியில் இருக்கும்போது டேப் தீர்ந்து பட்டன் 'டக்'கென்று எழும்பிவிட்டது. அட்டையில் மற்ற எல்லாப் பாட்டையும் நீல மையில் வரிசையாக எழுதியிருந்த அண்ணன், இதற்கு மட்டும் எதுவும் எழுதவில்லை.

அந்த அரைப் பாட்டைத்தான் நான் அந்தக் கேசட்டில் அதிகம் கேட்டேன். பொன்மாலைப் பொழுது டீக்கடையில் கேட்கும், கல்யாண வீட்டில் கேட்கும், பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்கும். இது என் கேசட்டில் மட்டும்தான் இருந்தது. தெரிந்தவர்களிடம் எல்லாம் பாடிக் காட்டிக் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. கேசட் கடை அண்ணனைக் கேட்கலாம் என்று போனால், அதற்குள் கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

அது 'தூரத்தில் நான் கண்ட உன் முகம்'. இளையராஜா இசையில் 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காகப் பதிவான பாட்டு. பாரதிராஜா எடுத்த அந்தப் படம் திரையரங்கில் சரியாக ஓடவில்லை, ஆனால் நான் பட்டியலில் எழுதிய 'பொன்மாலைப் பொழுது', 'பூங்கதவே', அவற்றோடு 'மடை திறந்து' என்று அதன் மூன்று பாட்டுகள் ஊரெல்லாம் ஓடின. நாலாவதான இது படத்திலேயே இடம்பெறவில்லை. படம் பார்த்தவர்களிடம் நான் கேட்டும் பதில் கிடைக்காமல் போனது அதனால்தான். இசைத்தட்டு வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியும். நான் கேட்ட பாட்டுகளுக்காக அந்தத் தட்டைச் சுழலவிட்ட அண்ணன், மிச்ச இடத்துக்கு அதே தட்டிலிருந்து இதையும் எடுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அவருக்குப் பிடிக்காமல் போட்டிருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

முழுப் பாட்டையும் நான் கேட்டது பல வருஷம் கழித்து, ஒரு நண்பரின் அறையில், சிடியில். அந்த இடம் வந்ததும், எங்கே டேப் தீருமோ அந்த வரி வந்ததும், என் உடம்பு தானாகவே அந்த 'டக்'குக்குக் காத்திருந்தது. பாட்டு நிற்கவில்லை. மேலே போனது. எனக்குத் தெரியாத வரிகளை ஜானகி அம்மா பாட ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நண்பருக்கு ஒன்றும் புரியவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், பெரிய ஹிட் பாட்டு எதுவும் என்னிடம் இப்படி வந்ததில்லை. அது நம்மிடம் வருவதற்கு முன்பே நூறு கை பட்டுவிடுகிறது. பண்டிகைக்கு ஒலிபெருக்கியில், அடுத்தவர் போனில் ரிங்டோனாக, தொலைக்காட்சிப் போட்டியில் ஒரு குழந்தையின் குரலில் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அசல் பாட்டே ஓடினாலும் நம் காதில் விழுவது பாட்டைப் பற்றிய ஞாபகம்தான். அதிகம் தெரியாத பாட்டில் அந்தப் பூச்சு எதுவும் இருக்காது. அங்கே பாடகரின் மூச்சு கேட்கும். இசையமைப்பாளர் எந்த இடத்தில் வயலினை நிறுத்திவிட்டுக் குரலைத் தனியாக விட்டார் என்பது கேட்கும்.

ஹிட் பாட்டுகள் மட்டம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். 1991இல் வந்த 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு' எப்பேர்ப்பட்ட பாட்டு! அந்தத் துள்ளலுக்கு நடுவே அப்பரின் 'குனித்த புருவமும்' தேவாரத்தைக் கொண்டுவந்து வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும். 2002இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகத்தின் முதல் பத்துப் பாட்டுகளில் அது நாலாவதாக வந்தது, வரட்டும், சந்தோஷம். ஆனால் அதே படத்தின் கேசட்டில் யேசுதாசும் ஜானகியும் பாடிய 'புத்தம் புது பூ பூத்ததோ' என்று ஒன்று இருக்கிறது. அதுவும் படத்தில் வராத பாட்டு. ரஜினி முகம் இல்லை, மணிரத்னத்தின் காட்சி இல்லை, கேட்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு தானே ஒரு காட்சியைக் கட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தப் பாட்டு இன்றைக்கும் ஒரு மொட்டைமாடி, விடிகாலை, ஈரத் துணி காயும் கொடி. உங்களுக்கு வேறு ஏதாவதாக இருக்கும். ராக்கம்மாவைக் கேட்டால் நம் எல்லோருக்கும் ஒரே ஆட்டம்தான் கண்ணில் வரும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பாட்டைப் பதிகிற அன்றைக்கு எது ஹிட் ஆகும், எது மூலைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதே வயலின்காரர்கள், அதே தபலா, அதே மைக். ஒரு பாட்டு மேலே வருவதும் அடியில் போவதும் பாதிக்கு மேல் வெளிக் காரணங்களால்தான். படம் ஓடவில்லை, நீளம் அதிகம் என்று காட்சியை வெட்டிவிட்டார்கள், கூடவே வந்த இன்னொரு பாட்டு அதை மறைத்துவிட்டது.

1994ஆம் வருஷத்துப் படங்களுக்கான தேசிய விருதில் சிறந்த பாடகர் விருது உன்னிகிருஷ்ணனுக்குக் கிடைத்தது. எதற்கு என்று கேளுங்கள், எல்லோரும் 'காதலன்' படத்து 'என்னவளே' என்பார்கள். சரிதான். ஆனால் விருது இரண்டு பாட்டுக்காகத் தரப்பட்டது. இன்னொன்று 'பவித்ரா' படத்தில் தாயைப் பற்றி வரும் 'உயிரும் நீயே'. இரண்டும் ஏ.ஆர்.ரஹ்மான் இசை, வைரமுத்து வரிகள், ஒரே குரல், ஒரே வருஷம். ஒன்று ஊர்வலம் போனது, மற்றொன்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது. என் அம்மா போன பிறகு நான் தேடிப் போனது வீட்டுக்குள் இருந்த பாட்டைத்தான்.

ஜென்சி என்ற பாடகியை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் கொஞ்ச காலம்தான் தமிழில் பாடினார். 'ஜானி' படத்து 'என் வானிலே' தெரியாதவர் இல்லை. 'கடவுள் அமைத்த மேடை'யில் எஸ்.பி.பி.யோடு பாடிய 'மயிலே மயிலே'வைக் கேளுங்கள். ஹம்சத்வனி ராகம். கச்சேரியில் பிள்ளையார் பாட்டாக நாம் கேட்டுப் பழகிய ராகம் அங்கே இரண்டு பேர் மெல்லப் பேசிக்கொள்வதுபோல் நடக்கிறது. ஜென்சியின் குரலில் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும், பயிற்சியால் வராத ஒன்று. அதை எனக்குக் காட்டியது இந்தப் பாட்டுதான்.

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற நண்பர் ஒருவர் உண்டு. கோயில் திருவிழாக்களில் அவர் வாசிப்பதை மேடைக்குப் பக்கத்தில் நின்று பல தடவை பார்த்திருக்கிறேன். நிகழ்ச்சி தொடங்கிவிட்டால் கூட்டம் கேட்பதுதான், அதே இருபது பாட்டு, ஒன்ஸ்மோர் வேறு. அதற்கு முன்னால், நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும்போது, மைக் டெஸ்ட் நடக்கிற அரைமணி நேரம் இருக்கிறதே, அப்போது அவர் விரல் தானாகப் போவது யாரும் கேட்காத ஏதாவது ஒரு பாட்டின் இடையிசைக்குத்தான். பக்கத்தில் புல்லாங்குழல்காரர் சட்டென்று பிடித்துக்கொள்வார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். நான் சீக்கிரம் போவதே அந்த அரைமணி நேரத்துக்காகத்தான்.

இளையராஜா ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்திருக்கிறார். படத்துக்கு நாலு பாட்டு என்று வைத்தாலும் நாலாயிரம். நாம் திரும்பத் திரும்பக் கேட்பது அதில் எத்தனை? செல்போன் செயலியில் அவர் பெயரைத் தட்டினால் முதலில் வருகிற பத்துப் பாட்டு எல்லோருக்கும் வருகிற பத்துதான். கேசட் கடை அண்ணன்போல மிச்ச இடத்தில் எதையாவது போட்டுக் கொடுக்கிற ஆள் இப்போது குறைவு, அதனால் அந்த வேலையை நான் செய்கிறேன். யாருக்காவது பாட்டு அனுப்பினால், கேட்டதோடு கேட்காத ஒன்றையும் சேர்த்து அனுப்புகிறேன்.

நிலையத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன், ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தம்பியே எங்கேயோ தேடி எடுத்து வைத்திருக்கிறார். அடுத்து வருவது 'தூரத்தில் நான் கண்ட உன் முகம்', முழுப் பாட்டும். வணக்கம்.