பள்ளிக்கரணையில் இலைக்கோழி

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உடனே வேடந்தாங்கலுக்கு வண்டி பிடிக்கிறார்கள். ஆனால், துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்துபோகும் பள்ளிக்கரணையும் 2022ஆம் ஆண்டு முதல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றுள்ள இடம்தான். பழைய ஊரார் அதைக் கழிவெளி என்றார்கள். கழி என்றால் உப்பங்கழி, கழிவு அன்று. அந்தச் சொல்லைத் தவறாகக் காதில் வாங்கிக்கொண்டோமோ என்னவோ, பெருங்குடிப் பக்கம் மலைமலையாகக் குப்பையைக் கொட்டிவிட்டோம்.

ஒரு கோடையில் அண்ணன் மகளை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். பூநாரையைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று அவளுக்குப் பிடிவாதம். தொலைவில் வெள்ளைப் புள்ளிகளாக ஏதோ தெரிந்தனவே தவிர, பூநாரை ஒன்றும் இல்லை. அவள் முகம் வாடிய நேரத்தில், கரைக்கு மிக அருகில், மிதக்கும் இலைகளின்மேல் நீளவால் இலைக்கோழி ஒன்று அமர்ந்திருந்தது. பிடரியில் பொன் பூசினாற்போல் மஞ்சள், அரிவாளாய் வளைந்த கரிய வால். அது எழுந்து இரண்டடி நகர்ந்தபோது, ஈரத்தில் பளபளக்கும் பழுப்பு நிற முட்டைகள் நான்கு தெரிந்தன.

அம்மாக் கோழி ஏன் நம்மைக் கண்டு பயப்படவில்லை என்று கேட்டாள். அது அம்மா அன்று, அப்பா என்றேன். இலைக்கோழிகளில் அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆண்தான். பெண்ணோ ஒரு பருவத்திலேயே அடுத்தடுத்துப் பல ஆண்களுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடும். நீர் ஏறிக் கூட்டுக்கு ஆபத்து வந்தால், முட்டையை அலகுக்கும் மார்புக்கும் நடுவே அணைத்து வேறிடத்துக்கு நகர்த்துவதும் இந்த அப்பாதான். “அப்பாவுக்கு யார் சாப்பாடு கொடுப்பார்கள், சித்தப்பா?” என்றாள். யாரும் கொடுப்பதில்லை, அவ்வப்போது எழுந்துபோய்த் தானே மேய்ந்துவிட்டு வந்து அமரும். அதைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் நின்றிருந்தோம். பூநாரையை அவள் மறந்தே போனாள். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்: பார்த்த பறவைகளின் பட்டியலை நிரப்ப ஓடாதீர்கள், ஓரிடத்தில் நில்லுங்கள்.

தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளத்தில் கடல் புகுவதைப் பற்றியும், மார்கழியில் வந்திறங்கும் வாத்துகளைப் பற்றியும் சொல்ல எண்ணியிருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. போகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: வேளச்சேரி – தாம்பரம் சாலைப் பக்கம் காலையில் நின்றால் வெயில் கண்ணில் அடிக்கும், பறவைகள் நிழலுருவாகவே தெரியும். அந்தப் பக்கத்துக்கு மாலை நான்கு மணிக்குமேல் செல்லுங்கள். வணக்கம்.