பசு, சதுப்பு, ஆற்றுத்துறை

எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்தின் பழங்கதைகளை வைத்து வரலாற்றுச் சாகசக் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் இங்கே சிலர் இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ‘லென்ஸ்டர் புத்தகம்’ என்று ஒரு தோல் ஏடு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் எழுதியது. அயர்லாந்தின் பெரிய வீரகதையான ‘டாயின் போ கூலின்யே’ அதில் முழுதாக இருக்கிறது. கதை முடிகிற இடத்தில், இதை மாற்றாமல் உள்ளபடியே மனத்தில் வைப்பவருக்கு ஆசி உண்டாகட்டும் என்று ஐரிஷ் மொழியில் ஒரு வரி வருகிறது. அடுத்தாற்போலவே லத்தீனில் இன்னொரு குறிப்பு. இதை எழுதிய நான் இதில் உள்ள பலவற்றை நம்பவில்லை. சில பேய்களின் ஏமாற்று, சில கவிஞர்கள் கட்டியவை, சில மூடர்களை மகிழ்விக்க வந்தவை என்கிறது.

அந்தப் பக்கத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஐரிஷ் பழங்கதை நம் கைக்கு வந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட கிறிஸ்தவ மடங்களின் வழியாகத்தான். நம்பாதவர்களும் எழுதி வைத்தார்கள். ‘பழுப்புப் பசுவின் புத்தகம்’ என்ற இன்னும் பழைய ஏட்டை எழுதியவர்களில் ஒருவரான மெயில் முரே, 1106இல் குளோன்மக்னாய்ஸ் மடத்துக் கற்கோயிலுக்குள்ளேயே கொள்ளையர்களால் கொல்லப்பட்டார். இவரைப் பற்றியே ஒரு நாவல் எழுதலாம்.

ஆகவே முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, எந்தக் காலத்தில் நின்று எழுதப் போகிறீர்கள் என்பது. இரும்புக்காலத்து வீரனின் பக்கத்திலா, அவன் கதையை எழுதும் துறவியின் பக்கத்திலா? இரண்டும் நல்ல இடம்தான். இரண்டையும் குழப்பினால்தான் கெடும். ‘டாயின்’ கதையில் வடக்கே உள்ள அல்ஸ்டர் நாட்டைக் காக்கும் வீரன் கூஹுலின். அவன் காலத்தில் நார்மன் கற்கோட்டை கிடையாது. நார்மன்கள் வந்ததே 1169இல். உருளைக்கிழங்கு கிடையாது. சாப்பாடு என்றால் பால், தயிர், வெண்ணெய், தானியக் கஞ்சி, பன்றி இறைச்சி.

காசும் கிடையாது. அயர்லாந்தில் முதன்முதலில் நாணயம் அடித்தது டப்ளினை ஆண்ட வைக்கிங் அரசன். அதுவும் 10ஆம் நூற்றாண்டின் கடைசியில். நான் எழுதிய முதல் பிரதியில் ஒரு தூதன் பொற்காசு முடிப்பை நீட்டுவான். அதை முப்பது பசுக்கள் என்று மாற்றினேன். காட்சியே மாறிவிட்டது. முடிப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரவோடு இரவாக ஓடலாம். முப்பது பசுவை எங்கே ஒளிப்பது? அவற்றுக்குப் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும், கன்றைப் பிரித்தால் இரவெல்லாம் கத்தும். துரத்துகிறவனுக்குக் குளம்புத் தடமே வழிகாட்டும். தேடித் தேடிச் சேர்த்த பரபரப்பு எதுவும் இந்த அளவுக்கு உதவியதில்லை. சரியான விவரம் ஒன்றே கதையை ஓட்டிவிடும் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

‘டாயின்’ என்றால் ஆநிரை கவர்தல். வெட்சித்திணை படித்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். லென்ஸ்டர் ஏட்டில் கதை தொடங்குவது படுக்கையறையில். மேற்கே உள்ள கொனாக்ட் நாட்டின் அரசி மேவும் கணவன் அலிலும் யாருடைய சொத்து பெரிது என்று பேச ஆரம்பிக்கிறார்கள். பாத்திரம், மோதிரம், ஆடு, குதிரை, பன்றி எல்லாவற்றையும் கொண்டுவந்து எண்ணுகிறார்கள். எல்லாம் சமம், ஒரு வெள்ளைக்கொம்புக் காளையைத் தவிர. அது அவன் மந்தையில் நிற்கிறது. இதை வெறும் வீம்பு என்று எழுதிவிடாதீர்கள். பழைய ஐரிஷ் சட்டத்தில், திருமணத்துக்கு யார் சொத்து கொண்டுவந்தார் என்பதை வைத்தே வீட்டில் யார் சொல் எடுபடும் என்பது முடிவாகும். ஒரு காளை குறைந்தால் மேவின் நிலையே இறங்கிவிடும். அதற்கு ஈடான பழுப்புக் காளை அல்ஸ்டரில் கூலி பகுதியில் இருக்கிறது. அதற்காகத்தான் படை கிளம்புகிறது.

அப்புறம் மாயம். அதை எப்படி எழுதுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ‘எடீனின் காதல்’ என்ற கதையில், வேற்றுலகத்து மிதிர் ஒரு அரசனிடம் ஆட்டத்தில் தோற்று, யாரும் கடந்திராத சதுப்பின் மேல் ஒரே இரவில் சாலை போட வேண்டி வருகிறது. ஒளிந்திருந்து பார்க்கும் அரசனின் ஆள் கண்டு வியப்பது மாயத்தை இல்லை. மிதிரின் ஆட்கள் எருதுகளுக்கு நுகத்தை நெற்றியில் கட்டாமல் தோளில் பூட்டியிருப்பதை! வேவு பார்த்ததால் சாலையில் குறை தங்கிவிட்டது என்கிறது கதை. இந்தக் கதை நடப்பதாகச் சொல்லப்படும் லாங்ஃபோர்ட் மாவட்டத்திலேயே, கோர்லே என்ற இடத்தில், சதுப்புக்கு அடியிலிருந்து ஓக் பலகைச் சாலை ஒன்று கிடைத்தது. மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் கி.மு. 148இல் வெட்டிய மரம் என்று தெரிந்தது. தன் பாரம் தாங்காமல் சில ஆண்டுகளிலேயே அது அமிழ்ந்துபோயிருக்கிறது. ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறார்கள். மாயத்தை எழுதும்போது இப்படி எழுதுங்கள். நுகம் எங்கே கட்டியிருக்கிறது என்று வாசகருக்குத் தெரியட்டும்.

இன்னொன்று ‘கெஷ்’. ஒருவர் மேல் விழுந்த விலக்கு அது, மீறினால் அழிவு. கூஹுலின் என்றால் குலன் என்ற கொல்லனின் வேட்டைநாய். ஆகவே அவன் நாய்க்கறி தின்னக் கூடாது. கடைசிப் போருக்குப் போகும் வழியில் மூன்று கிழவிகள் நாய்க்கறி சுட்டுக்கொண்டு அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். மறுக்கிறான். ஏழை அடுப்பு என்பதால்தானே வேண்டாம் என்கிறாய், சிறியவர் கொடுப்பதை ஏற்காதவன் பெரியவனா என்று ஒருத்தி கேட்கிறாள். அவனால் தாண்ட முடியவில்லை. வாங்கித் தின்கிறான். கறியைத் தொட்ட கையும் அதை வைத்த தொடையும் வலுவிழக்கின்றன. பாத்திரத்தை இரண்டு கடமைகளுக்கு நடுவில் நிறுத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கடைசியாக, லௌத் மாவட்டத்தில் ஆர்டி என்ற ஊர். ஐரிஷ் பெயரில் அது ‘ஃபெர்டியாவின் துறை’. ஸ்காஹா என்ற போர் ஆசிரியையிடம் கூஹுலினோடு சேர்ந்து போர் கற்ற நண்பன் ஃபெர்டியா. மேவ் அவனையே கூஹுலினுக்கு எதிரே நிறுத்துகிறாள். பகலெல்லாம் சண்டை. மாலையில் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். குதிரைகள் ஒரே பட்டியில், தேரோட்டிகள் ஒரே நெருப்பில். தன் காயத்துக்கு வந்த மூலிகையில் பாதியை கூஹுலின் அனுப்புகிறான், தனக்கு வந்த உணவில் பாதியை ஃபெர்டியா அனுப்புகிறான். மூன்றாம் மாலை தழுவல் இல்லை; குதிரைகளும் தனித்தனியே. எழுதுகிறவர்கள் அந்த மூன்றாம் மாலையை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். குதிரைகள் வேறு வேறு இடத்தில் நின்றதைச் சொன்னாலே போதும்.

நான்காம் நாள் கூஹுலின் ஓடுநீரில் காலால் செலுத்தும் ஈட்டியை எறிகிறான். ஃபெர்டியா சாய்கிறான். கூஹுலின் அவனை ஆயுதத்தோடு தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து வடகரையில் கிடத்துகிறான், எதிரிகள் பக்கம் கிடக்கக் கூடாது என்று. படை வருகிறது, எழுந்திரு என்கிறான் தேரோட்டி. இவன் என் கையால் விழுந்த பிறகு நான் எதற்கு எழ வேண்டும் என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறான்.