பெஞ்சு தூக்கிய அண்ணாச்சி

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கிறதா? சரி. கோயில் கொடை முடிந்த களைப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள், நீட்டி முழக்க மாட்டேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி இருந்தார். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற வேலை. கையில் காசு நின்றதில்லை, வாயைத் திறந்தால் ஏச்சுதான். ஆனால் துட்டி வீடு, சாவு விழுந்த வீடு என்றால் நடுராத்திரி இரண்டு மணிக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார், பெஞ்சு வரும், டியூப் லைட் வரும், யார் யாருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அழுதுகொண்டிருப்பவர்களிடமே பக்குவமாகக் கேட்டு ஆள் அனுப்புவார். கல்யாண வீட்டில் மறுநாள் சொதிச் சாப்பாட்டுக்கு வாளியைத் தூக்கினால் கடைசிப் பந்தி எழும்பும்வரை கீழே வைக்க மாட்டார். அவருக்கென்று சொதி மிஞ்சியதாக எனக்கு நினைவில்லை. என்றைக்காவது அவர் தலை தெரியாவிட்டால், "அண்ணாச்சிய எங்கல காணோம்?" என்று கேட்காத ஆள் கிடையாது.

நானும் அப்படிப் பேர் வாங்க ஆசைப்பட்டு ஒரு கல்யாணத்தில் மோர் வாளியோடு போட்டோவுக்கு நின்றேன். இலையில் இருந்த ஒரு ஆச்சி, "ஏ ஐயா, படம் புடிச்சாச்சுன்னா இங்கன கொஞ்சம் மோர ஊத்து" என்றாள். அதோடு சரி.

2023 டிசம்பர் 17 ராத்திரி உங்களுக்கு மறந்திருக்காது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, தண்டவாளத்துக்கு அடியில் மண்ணையே வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது, உள்ளே சுமார் 800 பேர். பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள். அவர்களைச் சுற்றியும் அதே தண்ணீர்தான். சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்குப் பரிமாறியவர்களின் பெயர் தெரியும் சொல்லுங்கள்?

பெயர் தெரிந்த ஒருத்தர் கதையும் சொல்கிறேன். வ.உ.சி. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகளுக்காக நின்றார், 9 நாள் வேலைநிறுத்தம், கூலி உயர்ந்தது. மார்ச் 12 அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்து எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். ஆனால் 1912 டிசம்பரில் சிறையை விட்டு அவர் வெளியே வந்தபோது வாசலில் அந்தக் கூட்டம் இல்லை. அப்புறமும் சென்னைக்குப் போய்த் தொழிலாளர் சங்க வேலையைத்தான் பார்த்தார். பிரியம் வட்டிக்கு விட்ட பணமில்லையே, தவணை தவறாமல் திரும்பி வர.

எங்கள் அண்ணாச்சி போன அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. ஆனால் பெஞ்சு எங்கே கிடக்கிறது, சாவி யாரிடம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை, எப்பவும் எடுத்து வருகிறவர் அவர்தானே. கடைசியில் அவரவர் வீட்டு நாற்காலியை அவரவரே தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.